திரைக்கு முன்னால் உட்கார்ந்தவன்

ட்ரோம்ஸோவில் அன்று சூரியன் திரும்பும் நாள்.
இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு
மலை விளிம்பில் நான்கு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போகும்.
அதற்கென்றே ஊரெல்லாம் ஜாம் பன் சுடுவார்கள்.
ஒன்று என் கோட்டுப் பையில்
காலையிலிருந்து நசுங்கிக்கொண்டிருந்தது.

அரங்கில் கறுப்புத் திரை.
ஆணா பெண்ணா என்று
காலணி சொல்லிவிடாமலிருக்கக் கம்பளம்.
ஒரு காலி நாற்காலிக்கு டிரம்பெட் தேடி
ஐந்து பேர் பென்சிலோடு உட்கார்ந்திருந்தோம்.
நான் பாஸ் ட்ராம்போன்.
இருபத்திரண்டு வருடம் டிரம்பெட்டுக்கு அருகே இருந்து
வலது காதைக் கொஞ்சம் கொடுத்தவன்.

முதல் ஆறு பேர் தப்பில்லாமல் வாசித்தார்கள்.
அவர்களைப் பற்றி வேறொன்றும் நினைவில்லை.

ஏழாம் எண்
மூச்சை இழுத்தது கேட்டது.
அப்புறம் ஒரு ஸ்வரம்.
எப்போது தொடங்கியது என்று
யாராலும் சொல்ல முடியவில்லை,
அறை முழுக்க இருந்தது.

"இது கார்னெட்" என்றாள் ஓடில்ட்.
ஹார்ன் வாசிப்பவள், புனல்வாய்க்குள் கையைவிட்டே
வாழ்நாளைக் கழித்தவள்,
எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவள்,
அன்று நேராகச் சொன்னாள்.
"இருந்தால் என்ன" என்றார் ஹல்வார்ட்.

என்ன என்று எனக்குத் தெரியும்.
கார்னெட்டின் குழல் வீட்டுக்குள் நுழைந்ததும்
சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற ஆள்.
ஃப்ளூகல்ஹார்ன் வாசலிலேயே கழற்றிவிடும்.
டியூபா சட்டையே போட்டதில்லை.
டிரம்பெட் அப்படியா?
பாதி தூரத்துக்கு மேல் ஒரே அகலம்,
கழுத்துவரை பூட்டிய பொத்தான்,
கடைசி முழத்தில்தான் மனம் திறக்கும்.
அவ்வளவு நேரம் அடக்கியதால்தான்
அந்தக் குரலுக்கு ஒரு விளிம்பு,
பனியில் கீறிய சறுக்குக் கட்டையின் தடம்போல.
என் ட்ராம்போனும் அதே குணம்தான்,
அதற்குக் குரல் உடைந்துவிட்டது, அவ்வளவே.

இரண்டுக்கு இரண்டு. நான் மிச்சம்.
அந்த ஒரு ஸ்வரத்தை இன்னொரு முறை, என்றேன்.
திரைக்குப் பின்னால் எச்சில் குழாய் திறந்தது,
சொட்டுகள் கம்பளத்தில் விழுந்திருக்கும்,
சத்தமில்லை.
மறுபடி அதே ஒலி,
உருண்டையாக, விளக்கேற்றிய சமையலறையைப்போல.

எனக்கு வேண்டியிருந்தது வெளியே வரவிருந்த வெயில்:
மெலிந்தது, சூடே இல்லாதது,
எதிர்க்கரை ஜன்னல்களை ஒரே வீச்சில் அறைவது.
'இல்லை' என்று எழுதினேன்.
பென்சில் முனை உடைந்தது.
இன்னொன்று வாங்கி அடிக்கோடும் இட்டேன்.

மாலைப் பேருந்தில் பாலம் ஏறும்போது
முன் இருக்கைப் பெண்
மடியிலிருந்த கறுப்புப் பெட்டியைத் திறக்காமல்
பைக்குள்ளிருந்து ஊதுவாயை மட்டும் எடுத்து
உதட்டில் வைத்தாள்.
ஒரு ரீங்காரம். வண்டு என்று நினைத்து
பக்கத்துக் குழந்தை ஜன்னலைத் தேடியது.

குழலில்லை, புனலில்லை, பித்தளை என்று
சுண்டுவிரல் அளவுதான்.
அதற்குள் முழுசாக அது இருந்தது,
நான் அடிக்கோடிட்டு விலக்கியது.

"உதடு விறைத்துப்போகும், அதனால்தான்" என்றாள்
நான் பார்ப்பதைப் பார்த்து.
சொல்லியிருக்கலாம்.
சொல்வதற்குப் பதில்
பன்னை எடுத்துப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்தேன்.

"சூரியனைப் பார்த்தீர்களா?"
"இல்லை. உள்ளே வேலை."
"நான் என் முறைக்குக் காத்திருக்கும்போது பார்த்தேன்,
பின்கட்டு ஜன்னலில்."
ஜாமை விரலில் வழித்துக்கொண்டாள்.
"மெலிசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
நல்ல கனம்."

விமான நிலையத்துக்கு முந்தைய நிறுத்தத்தில்
என்னுடைய இறங்குமிடம் வந்தது.
இறங்கவில்லை.