அளவு நோட்டு

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில்
அபுதாகிர் பாய் கடையில்
என் உடம்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது.
பேர் இல்லை. "சொசைட்டி அம்மா" என்று
நீல மையில் எழுதி, கீழே எண்கள்:
நாற்பத்துநாலு. முப்பத்தெட்டு. நாற்பத்தாறு.
முப்பத்தொன்பது. நாற்பத்தேழு. நாற்பத்தொன்று.
வருஷம் போடுவதில்லை அவர்.
எனக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு, உமையாள் கல்யாணம்.
மூன்று மாதம் கொள்ளுத் தண்ணீர்,
ராத்திரிக்கு ஒரு கீற்றுப் பப்பாளி.
மாலை மாற்றும் போட்டோவில்
பெண்ணைப் பார்க்காமல்
என் இடுப்பைத்தான் பார்த்தேன்.
முப்பத்தொன்பது, பணி ஓய்வு விழாவுக்கு.
டப்பாவில் வந்த மாவு, மாதம் நாலாயிரம்.
அடுத்த பொங்கலுக்குள்
உள்தையல் எல்லாம் பிரித்தாயிற்று.
பிரித்த இடத்தில் ஊசித் துளைகள்,
எறும்புகள் போய்விட்ட வரிசை மாதிரி.

முப்பத்திரண்டு வருஷம் எனக்கு நகைக்கடன் மேஜை.
கல் கழித்து, அழுக்குக் கழித்து,
மில்லிகிராம் வரை எழுதினவள்.
தையில் மீட்பார்கள். ஆடியில் அதே சங்கிலி
அதே மஞ்சள் துணியில் திரும்ப வரும்.
"இனி இது உள்ள வராது மேடம்" என்று
கையெழுத்துப் போடும்போது சிரிப்பார்கள்.
நான் அடுத்த ரசீதுக்குக்
கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.
என் பத்துக் கிலோவும் அப்படித்தான்
போய்ப் போய் வந்தது,
வரும்போது மட்டும் வட்டியோடு.

வேலாங்குடி இராக்காயி ஒருத்திதான்
மீட்ட அன்றைக்கே சங்கிலியை விற்றாள்.
"வீட்ல இருந்தாத்தானே வைக்கத் தோணும்."
சரிதான் இராக்காயி.
இந்த உடம்பை என்ன செய்ய?
விற்கவும் முடியாது,
வீட்டிலேயேதான் இருக்கும்.

அறுபத்தோராவது வயதில்
காரைக்குடி முழங்கால் டாக்டர்
எக்ஸ்ரேயைப் பார்த்தபடி சொன்னார்:
"ஏறி இறங்குறத நிறுத்துங்க."
மாடிப்படியைச் சொன்னாரா என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை பிறகு.
ஊருணியைச் சாயங்காலம் இரண்டு சுற்று.
முன்பெல்லாம் பத்து; பத்து நாள்தான் ஓடும்.
சோற்றில் ஒரு கரண்டி குறைவு,
குழம்பில் குறைவில்லை.
கோட்டையூரில் அத்தான் அறுபதாம் கல்யாணத்தில்
வெள்ளைப் பணியாரம் மூன்று, மிளகாய்ச் சட்னியோடு,
அப்புறம் கவுனி அரிசி, தேங்காய்ப்பூ நெறுநெறுக்க.
பழைய நானாக இருந்தால் மறுநாள்
எலுமிச்சைத் தண்ணீரும் கண்ணீருமாக
அபராதம் கட்டியிருப்பேன்.
மறுநாள் இரண்டு இட்லி சாப்பிட்டேன்.
அவ்வளவுதான். அதுதான் கஷ்டம்.

இளைக்கும்போது ஊரே கேட்டது,
என்ன சாப்பிடுறீங்க, எந்த மாவு என்று.
நின்ற இடத்தில் நின்றால் யார் கேட்பார்?
நாத்தனார் மட்டும் கேட்டாள்:
"சுகர் டெஸ்ட் பண்ணியா?"

இன்று தீபாவளி ரவிக்கைக்கு அளவு.
நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டு
பாய் மேல்வரியைப் பார்த்தார்.
டேப்பை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார்.
அடித்துத் திருத்த ஒன்றுமில்லை.
"வழக்கம்போல உள்ள ரெண்டு இஞ்சு விடட்டுமா?"

அந்த இரண்டு இஞ்சில்தான்
இருபது வருஷம் ஒளிந்திருந்தேன்.
"ஒண்ணு போதும்" என்றேன்.
சந்தில் பாதி தூரம் வந்து,
மசாலா மெஷின் பக்கத்தில் ஒரு தும்மல் தும்மி,
திரும்பிப் போனேன்.
"அரை, பாய்."

கத்தரிக்கோல் மேஜைமேல் கிடந்தது.
அவர் இன்னும் வெட்டியிருக்கவில்லை.