உப்பு

எங்கள் ஊரில் "எப்படி இருக்கே?" என்று கேட்டால்
"அதே பழைய தரித்திரம்" என்பார்கள்.
லாட்டரி விழுந்தவனும் அதைத்தான் சொல்வான்.
ஊர் வூச். படகு என்று அர்த்தம்.
ஆற்றைக் குழாய்க்குள் இறக்கி
மேலே தார் போட்டாயிற்று.
தார் மேல் இருபத்திரண்டு வருடமாக
டிராம் ஓட்டுகிறேன்.

விடியாத நாலு மணிக்குப் பணிமனையில்
ரொமுவால்ட் கேட்பான்.
பழைய தரித்திரம் என்பேன்.
நான் கேட்பேன், அவனும் அதையே சொல்வான்.
சில்லறையை எண்ணிச் சரிபார்ப்பது மாதிரி.
சரி, வண்டியை எடுக்கலாம்.

பிப்ரவரியில் தம்பி ஜெனோனுக்குப் பக்கவாதம்.
வலக்கை போயிற்று, பேச்சு போயிற்று.
வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில்
போன வருட நாட்காட்டி மட்டும் ஒட்டியிருப்பதுபோல்
ஒரே ஒரு வாக்கியம் மிச்சம்.

தண்ணீர் வேணுமாடா?
பழைய தரித்திரம்.
ஜன்னலைச் சாத்தட்டுமா?
பழைய தரித்திரம்.
டப்ளினிலிருந்து ஓடிவந்த மகள்
கன்னத்தோடு கன்னம் வைத்து அழுதபோது
அவள் தலையைத் தடவித் தடவி
அத்தனை பிரியமாய்ச் சொன்னான்:
பழைய தரித்திரம்.
நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும்.
பிறகு நடைவழிக்குப் போய்
காபி மெஷின் முன்னால் நெடுநேரம் நின்றேன்,
காசு போடாமல்.

பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் யாகோடா சொன்னாள்:
சொல்லிச் சொல்லி வழவழப்பானவை
சில சமயம் இப்படித் தப்பித்துவிடுமாம்.
ஜெபம், வசவு, வணக்கம்,
அவரவர் வாய்வழக்கம்.

அன்றிரவு கடைசி வண்டி, ஆளில்லை.
என்னிடம் எது தப்பிக்கும் என்று
நிறுத்தம் நிறுத்தமாக எண்ணிக்கொண்டு போனேன்.
முழங்கால் உயிரை வாங்குது.
யாருக்கு வேணும் இதெல்லாம்.
எத்தனை தடவைடா சொல்றது உனக்கு.
இவற்றில் ஒன்றைச் சொல்லியா
சாகும்வரை தண்ணீர் கேட்பேன்?

மறுநாள் ரொமுவால்ட் கேட்டான்.
"நல்லா இருக்கேன்" என்று சொல்லப் போனேன்.
இன்னொருத்தர் பல்செட்டை மாட்டினமாதிரி
வாய்க்குப் பொருந்தவில்லை.
"பனி இல்ல. தண்டவாளம் தெரியுது" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு
"டாக்டரைப் பார்த்தியா?" என்றான்.
மதியத்துக்குள் எனக்குப் புற்றுநோய் என்று
கான்டீன்வரை போயிருந்தது.

விடவில்லை.
பொய் சொல்வதில்லை என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.
முழங்கால் மூணு மாடி ஏத்திவிட்டுது.
இன்னிக்கு ஒருத்தர் இறங்கும்போது தொப்பியைத் தூக்கினார்.
நாலு மணிக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று
இருட்டில் படியிறங்கும்போதே தேட ஆரம்பித்தேன்.
பேக்கரியின் பின்கதவு
அந்நேரத்திலும் திறந்திருக்கும் என்று
இத்தனை வருடம் எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை, தண்டவாளத்தின் குறுக்கே
சோபா ஏற்றிய வேன் ஒன்று, நாற்பது நிமிடம்.
பழைய சொற்களெல்லாம் வரிசையில் வந்தன.
ஒன்று விடாமல் சொன்னேன்.
சுகமாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் ஜெனோனுக்கு
பீட்ரூட் சூப் எடுத்துப்போனேன்.
இரண்டு கரண்டி விழுங்கினான்.
"பழைய..." என்றான்.
நின்றான்.
யாகோடா மூச்சுவிடாமல் கை காட்டினாள், பேசாதே என்று.
நெற்றி நரம்பு புடைக்க
எங்கோ அடியில் கிடந்ததை இழுத்தான்.
"உப்பு."
பிறகு கோபமாக:
"உப்பு இல்ல."

நாலு மணி. ரொமுவால்ட் கேட்டான்.
"சூப்ல உப்பு இல்லையாம்!" என்றேன்,
பல்லெல்லாம் தெரிய.
விளக்கை என் முகத்தருகே தூக்கிப் பிடித்து
"நிஜமாவே
டாக்டரைப் பார்த்தியா நீ?" என்றான்.