இருபத்துநாலு மணி நேரத் தாள்

காலை ஆறு பத்து.
சடையங்குப்பம் பள்ளிக்கூட மொட்டைமாடி.
இரும்புக் கூண்டைத் திறந்து
நேற்றைய தாளை இடுக்கியால் எடுக்கிறேன்.
புதுத்தாள் வைத்துத் திருகுகிறேன்.
இயந்திரம் ஒருமுறை இருமிவிட்டு
மறுபடி இழுக்கத் தொடங்குகிறது.
எனக்குச் சம்பளம் இதற்குத்தான்:
காற்று ஒரு நாளில் எதை விட்டுப்போனது என்று
எடை போட.

மதிலை ஒட்டிக் கீழே
கோட்டீஸ்வரியின் கீரைப் பாத்திகள்.
முக்கால் ஏக்கர், குத்தகை.
அரைக்கீரை, சிறுகீரை, வரப்போரம் புளிச்சகீரை.
தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே நிமிர்வாள்.
"இன்னாபா, இன்னிக்குக் காத்து எவ்ளோ வெயிட்டு?"
"ஆபீஸ் போனாத்தான் தெரியும்க்கா."
"எனக்கு இங்கியே தெரியுது" என்று
ஓர் இலையைக் கிள்ளிப் பெருவிரலால் தேய்த்து
விரலை என் பக்கம் நீட்டுவாள்.

சித்திரையில் ரெண்டு மணிக்குக் கடல்காற்று நுழையும்.
வேர்வை காயும். எல்லோரும் வாழ்த்துவோம்.
எண்ணூர்ப் பக்கம் சாம்பல் குட்டையில்
காலை நனைத்துவிட்டுத்தான் அது வரும்.
சாயங்காலம் பாத்தியெல்லாம்
திருநீறு பூசிக்கொண்டு நிற்கும்.

ஆடியில் மேல்காற்று.
மணலியிலிருந்து அழுகின முட்டை வாடை.
என் தாள் அதைப் பிடிக்காது.
தாளுக்கு மூக்கு இல்லை, தூசி மட்டும்தான் தெரியும்.
அந்த மாதம் பதிவேட்டில் சுமாரான எண்கள்.
அந்த மாதம்தான் அவள் மகள் யுவஸ்ரீ
தலைவலி என்று வகுப்பிலிருந்து
நாலு முறை திரும்பி வந்தது.
அதை நான் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை.

மார்கழியில் காற்றே நகராது.
பனிக்குள் புகை
வட்டி வாங்க வந்தவன் மாதிரி உட்கார்ந்திருக்கும்.
போகியன்று தாள் தோசைக்கல் நிறம்.
அன்றைக்கு மட்டும் டிவிக்காரர்கள் வருவார்கள்.
பாத்திக்குள் இறங்கி அவளிடம் மைக்கை நீட்டினார்கள்.
"மத்த நாளும் வாங்க" என்றாள்,
"கீரைய மிதிக்காம வாங்க."
ராத்திரி செய்தியில்
டயர் எரிவதை மட்டும் காட்டினார்கள்.

போன கார்த்திகையில் நான்கு நாள் விடாத மழை.
ஐந்தாம் நாள் தாளை எடுத்தேன்.
வைத்தபோது இருந்த அதே வெள்ளை.
பதினெட்டு.
அந்த வருடத்திலேயே நல்ல எண்.
ஆபீஸ் பலகையில் பச்சை: 'நன்று'.
மேலதிகாரி எல்லோருக்கும் டீ சொன்னார்.

அதே காலை
கொசஸ்தலை கரை தாண்டியிருந்தது.
பாத்திகள் இருந்த இடத்தில் முழங்கால் தண்ணீர்,
அதன்மேல் எண்ணெய் வானவில்.
கோட்டீஸ்வரி பள்ளிக்கூடப் படிக்கட்டில்.
பக்கத்தில் கழற்றி எடுத்துவந்த மோட்டார்,
மேலே போர்த்திய உரச்சாக்கு.
"இன்னா வெயிட்டு?"
பழக்கத்தில் கேட்டாள்.
பழக்கத்தில் சொன்னேன்,
"காத்து ரொம்ப சுத்தம்க்கா."
அவள் மூச்சை இழுத்தாள்,
நிஜமாகவே, நெஞ்சு கொள்ளுமட்டும்.
"ஆமா" என்றாள். "நல்லாத்தான் கீது."

தை பாதியில் மறுபடி விதைத்தாள்.
மாசியில் முதல் அறுப்பு.
இரண்டு கட்டு மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள்,
காசு வாங்கவில்லை.

வீட்டில் கழுவினேன். மூன்று பேசின் தண்ணீர்.
மூன்றையும் கொட்ட மனசு வரவில்லை.
பையில் ஒரு தாள் மிச்சம் இருந்தது,
ஓரம் மடங்கியதால் தள்ளுபடியானது.
அதில் வடிகட்டினேன்.
மறுநாள், யாரும் வருமுன்,
காயவைத்துத் தராசில் வைத்தேன்.
எண் வந்தது.
தேதிக்குக் கட்டம் இருக்கிறது, இடத்துக்கு இருக்கிறது,
காற்றின் திசைக்குக்கூட இருக்கிறது.
இரண்டு கட்டுக் கீரைக்கு இல்லை.
பென்சிலால் பின்னட்டையில் எழுதிவைத்தேன்.

முந்தின ராத்திரி
அந்தக் கீரையைத்தான் கடைந்து சாப்பிட்டேன்,
பூண்டு தாளித்து.
நன்றாகத்தான் இருந்தது.
மூன்றாவது கவளத்தில்
பல்லில் நற என்றது.
துப்புவதா என்று ஒரு கணம்.
விழுங்கிவிட்டேன்.