எழுபது வளைவுகளுக்கு முன்னால்

சம்பா விதை மாதிரிகள்
மூட்டை மூட்டையாய் வந்து குவிவதற்குள்
எங்களுக்கு மிஞ்சுவது ஒரே ஒரு சனிக்கிழமை.
முளைப்புத்திறன் அறிக்கையின் பின்பக்கத்தில்
தையல்நாயகி எழுதுகிறாள்:
கிளம்புவது நாலரை.
அடித்துவிட்டு, நாலு.
ஹபீபாவுக்குத் தொழுகை முடியவேண்டும் என்று
மறுபடி அடித்து, ஐந்தேகால்.

தஞ்சாவூரிலிருந்து கொல்லிமலை
நூற்றைம்பது கிலோமீட்டர் என்கிறது ஃபோன்.
அவ்வளவெல்லாம் இருக்காது என்கிறார்
வாட்ச்மேன் அந்தோணிராஜ்.
அவர் போனதில்லை.
நாங்களும்தான்.
நாற்பத்தாறு வயதுக்குள் நான் ஏறிய உயரம்
திருச்சி மலைக்கோட்டை,
அதுவும் படி.

வண்டி என்னுடையது.
எனக்கு முன் இரண்டு பேரிடம் இருந்தது, சிவப்பு.
ஏசி சத்தம் போடும், குளிராது.
ஓட்டப் பழகியதெல்லாம்
ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால்
எந்தப் பக்கம் ஓடுவதென்று
அது நின்று யோசிக்கிற மண்ணில்.

சண்டை வந்தது சாப்பாட்டில்.
புளிச்சோறு கூடாது, எழுபது கொண்டை ஊசி,
வயிறு தாங்காது என்றாள் ஆரோக்கியசெல்வி.
இட்லி. எலுமிச்சம்பழம். இஞ்சி மிட்டாய்.
பிளாஸ்டிக் பை நாலு.
ஓட்டுகிற எனக்கு வராதாம்,
ஆளுக்கொன்று போக
ஹபீபாவுக்கு ரெண்டு.
"ஏன், எனக்கு மட்டும்?"
"போன வருஷம் வேளாங்கண்ணி ரோட்டுக்கே
வாந்தி எடுத்தவ நீதானே."

அருவிக்கு இறங்க ஆயிரம் படியாம்.
ஆரோக்கியசெல்வி தன் முட்டியைத் தடவிப் பார்த்தாள்,
ஏதோ அதனிடம் அனுமதி கேட்பதுபோல.
"நீங்க போங்க. நான் மேலேயே உக்காந்து
செருப்பைப் பாத்துக்கறேன்.
சத்தம் கேட்டா போதும்."
தையல்நாயகிக்கு அருவி வேண்டாம்,
சரிவில் சாமை எப்படி நிற்கிறதென்று பார்க்கவேண்டும்.
தட்டில் ஈரத்தாள் விரித்து
நானூறு நானூறாய் நெல் எண்ணிய விரல்கள்
சும்மா இருக்குமா,
லீவு நாளென்றால் மட்டும்.

முசிறி வரை, தொட்டியம் வரை,
கூடவே காவிரி.
இத்தனை வருஷம்
வருகிறவளைத்தான் பார்த்திருக்கிறோம்,
மதகைத் தூக்கி, வாய்க்காலாய் உடைத்து,
கடைமடையில் ஒரு முழமாய்ச் சுருங்கி.
அவள் வந்த வழியே எதிரே போவதென்றால்
ஒரு மாதிரி இருக்கிறது,
தெருவில் ஒருத்தி பேச்சுக் கொடுக்க
நிற்காமல் தாண்டிப்போவது போல.
தொட்டியத்தில் அவளை விட்டுவிட்டு
நாங்கள் வடக்கே திரும்பவேண்டும்.
அதையும் எழுதி
அம்புக்குறி போட்டாள் தையல்நாயகி.

எழுதாத ஒன்று என்னிடம் இருந்தது.

லைசென்ஸ் பரீட்சை அன்று
ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள்.
ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்.
எங்கள் ஊருக்கு அதுதான் மலை.
எடுத்தேன்; வண்டி பின்னால் உருண்டது.
அடுத்த முறையும் உருண்டது.
மூன்றாம் முறை
மழை வந்ததால் பாலத்துக்கே போகாமல்
கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெள்ளி இரவு பதினொன்றுக்கு
வீட்டில் தூங்கியபின் சாவியை எடுத்தேன்.
பாலத்தின் பாதியில் நிறுத்தி
ஹேண்ட்பிரேக் இழுத்தேன்.
இரண்டு பக்கமும் இருட்டு,
ஒரே மட்டத்தில்,
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல.
அரை கிளட்ச். மூச்சு.
பிரேக்கை விட, ஒரு சாண் பின்னால் போனது.
மறுபடி. நாலு விரல்.
மறுபடி.

கண்ணாடியில் ஒற்றை விளக்கு.
வாழையிலைக் கட்டோடு ஒரு மொபெட்.
ஹார்ன் அடிக்கவில்லை.
காலூன்றி நின்று கேட்டார்:
"வண்டி நின்னுபோச்சாம்மா?"

"இல்லைங்க. நாளைக்குக் கொல்லிமலை போறோம்."

அவர் பாலத்தின் உச்சியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
பிறகு மொபெட்டை
நாலடி பின்னுக்குத் தள்ளி
இடம் விட்டார்.