இரும்புக்குக் கழிவு

மூன்றாம் இலக்கக் கவுண்டர், அடைவுப் பகுதி,
புதுக்குடியிருப்பு.
சோளகம் றோட்டுப் புழுதியை அள்ளிக்
கண்ணாடிக் கதவில் எறிகிற ஆவணி.
உரைகல், அமிலப் போத்தல், தராசு,
தராசில் காற்றுப் படாமல் நான் கவிழ்க்கும்
பிளாஸ்ரிக் மூடி.

நிரூஜினி வந்தாள். பத்தாம் ஆண்டில்
எனக்குப் பின் வாங்கு. இப்போது ஜேர்மனியில்
அணுக்கருவை உடைத்துப் பார்க்கிற இடத்தில்.
தாயின் காப்பை மீட்க வந்தவள்
சீட்டை வாசித்தாள்.
"இதென்னடி, இரும்புக்குக் கழிவு
நாப்பது மில்லிகிராம் எண்டு எழுதிக் கிடக்கு?"

காட்டினேன். உள்வளைவில் ஏறியிருந்தது
கடுகளவு கறுப்பு. ஷெல் சில்லு.
தேவிபுரத்தில், தலை போன பனைக்குக் கிழக்கே,
பால்மா ரின்னில் தாட்டதாம்.
திரும்பி வந்து மூன்று இடம் கிண்டினார்களாம்.
ரின் உக்கிப்போச்சு, காப்பு அப்படியே.
தாட்ட பிறகு பட்டதோ, கையில் கிடக்கப் பட்டதோ
தாய் சொல்லவேயில்லை.

"நட்சத்திரமும் இரும்பிலதான் கணக்கை மூடுது," என்றாள்.
"அதுவரைக்கும் கருவோட கரு சேர லாபம்.
அதுக்கங்கால சேர்த்தால் நட்டம்."

"அப்ப பொன்?"

அவளுக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.

"கடன்," என்றாள்.
செத்த நட்சத்திரம் இரண்டு மோதுகிற நொடியில்
நியூத்திரன் மழை.
வாங்கினதைத் தீர்க்க முன்னம் அடுத்ததை வாங்கும் கரு,
அதைத் தீர்க்க முன்னம் இன்னொன்றை,
தாங்காத அளவுக்கு.
மழை விட்ட பிறகு
இருந்து ஒவ்வொன்றாய்த் தீர்க்கும்.
தீர்த்து முடிந்தால், சிலது பொன்.

வரிசையில் மூன்றாவது திலகேஸ்வரி.
செவ்வாய்க்கு ஒரு கொம்பனி, வியாழனுக்கு இரண்டு.
போன கிழமை ஒரு தோட்டை வைத்துத்தான்
அந்தக் கிழமைக் கட்டுக்காசு.
நான் அவளைப் பார்த்தேன். நிரூஜினி பார்க்கவில்லை.
கருவைத் தேடி ஒருத்தனும்
மோட்டார்சைக்கிளில் படலைக்கு வருவதில்லை.

"மோதினதை ஆர் போய்ப் பார்த்தது?" என்றேன்,
கொஞ்சம் கோபமாய்.

"காப்பை உருக்கியே நீ மாற்றுப் பாக்கிறாய்?
கல்லில ஒரு கீறல்.
எங்களுக்கும் ஒரு கீறல்தான்."

யுரேனியத்தை ஒளியின் வேகத்துக்குக் கிட்டவாய் ஓட்டி
மெல்லிய தகட்டில் மோத விடுகிறார்கள்.
தெறிக்கிற சில்லுகளைக் காந்தம் வகைபிரிக்கும்.
வேண்டிய ஒன்றைச் சிலிக்கனில் நிறுத்தி
எவ்வளவு நேரம் இருக்குதென்று பார்ப்பது.
பதினொரு நாள் இரவு பகலாய்க் காத்திருந்து
அவளுக்குக் கிடைத்தது நாற்பத்துமூன்று.
எல்லாம் கண்ணிமைக்க முன்னம் போய்விடுகிறவை.

"பாதி எப்ப போகும் எண்டு சொல்லலாம்.
எது போகும் எண்டு சொல்லேலாது."

நான் வட்டியைத் திரும்பக் கூட்டினேன்.
முதல் கூட்டினதே சரியாய்த்தான் இருந்தது.

"இஞ்ச பார்," வரிசையைத் திரும்பிக் காட்டினாள்.
ஆறு இப்போது பதின்மூன்று.
"நீ மெதுவெண்டபடியால்தானே இவ்வளவு நீளம்.
அங்கயும் அப்பிடித்தான்.
எந்தக் கரு ஆறுதலாய் மாறுதோ அங்க குவியும்.
குவிஞ்ச இடம்தான் பிறகு பிளாட்டினம், பொன்.
எது எவ்வளவு நேரம் நிண்டது எண்டு தெரிஞ்சால்தான்
ஏன் இவ்வளவு பொன், ஏன் இவ்வளவு மட்டும்
எண்டு சொல்லலாம்.
கனக்க இன்னும் தெரியாது."

கையெழுத்து வைத்தாள்.
காப்பு அவளின் மொழியைத் தாண்டவில்லை.
சில்லை எடுத்துவிடத் தட்டான் இருக்கிறான் என்றேன்.
ஒன்றும் சொல்லாமல் லேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனாள்.
கதவு திறந்த நேரம் புழுதி வந்து
தராசு இரண்டு மில்லிகிராம் காட்டியது.
துடைத்தேன்.

திலகேஸ்வரியின் முறை.
மற்றத் தோட்டையும் கழற்றி வைத்தாள்.
கல்லில் கீறினேன். அமிலம் ஒரு சொட்டு.
கீறல் கலையாமல் கிடந்தது.

அது எங்கிருந்து வந்ததென்று
அவளுக்கு நான் சொல்லவில்லை.
வட்டி எவ்வளவென்று சொன்னேன்.