இருபத்து நாலில் ஒன்று

பகலில் என் கைக்கு வரும் டயர்களுக்கெல்லாம்
வாய் உண்டு.
நூற்று எழுபத்தைந்து, எழுபது, ஆர் பதின்மூன்று என்று
விலாவிலேயே சாதகம் எழுதிக்கொண்டு வரும்,
பிறந்த வாரம் வரை சொல்லிவிடும்.
இரவில் வருபவை ஊமை.
ரப்பர் வாசம் மட்டும் ஒன்று.

ஜெலுத்தோங்கில் ஆ செங் தவுக்கேயின் ஷட்டர் இறங்கியபின்
எட்டாவது மாடியில்
சாப்பாட்டு மேசையில் பாதி எனக்கு.
மறுபாதியில் இன்பவள்ளி வெங்காயம் உரிக்கிறாள்.
நடுவில் ஒரு புரோட்டோன் சாகா
சக்கரமில்லாமல்
வயிற்றில் படுத்திருக்கிறது.

உடம்பு வேறொரு ஜப்பான் காடியின் பெட்டியில் வந்தது.
மூக்கை அறுத்து, பின்பக்கம் நிமிர்த்தி,
மூன்று மாதம் உப்புத்தாள் தேய்த்துச்
சாகாவாக்கினேன்.
பெட்டியோடு வந்த டயரை மாட்டியதும்
கைலியை முட்டிக்கு மேல் தூக்கிக் கட்டியவன் மாதிரி
எகிறி நின்றது.
அளந்தேன்: இருபத்தாறரை மில்லி.
வேண்டியது இருபத்து நாலு.

"ரெண்டரை மில்லிக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"
இருபத்து நாலால் பெருக்கிப் பார், வள்ளி.
ஆறு சென்டி.
ஆறு சென்டி குதிகால் வைத்த செருப்போடு
கொம்தார் படி ஏறுவாயா?
"கல்யாணத்துக்கு ஏறுனேனே" என்றாள்
வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே.

ஞாயிறு காலை லோரோங் கூலிட்.
பழைய சாவி, செத்த கடிகாரம், ஒற்றைச் சப்பாத்து.
பாக் ஹாலிமின் மைலோ டின்னில்
உடைந்த பொம்மைக் காடிகளின் கால்கள்.
தார்ப்பாய் ஓரம் குந்தி
ஒவ்வொன்றாய் வெர்னியரின் தாடையில் கொடுக்கிறேன்.
தங்கமா வாங்குகிறாய் என்று மலாயில் கேட்டுச் சிரித்தார்.
சில பெரிசு, சில அகலம்.
ஒன்று அளவில் சரி, முகம் லோரியின் முகம்.
இருபதில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று என்று
பெட்டி மூடியில் அச்சடித்தவர்களெல்லாம்
எந்தக் கோலால் அளந்தார்களோ.

வெயில் ஏறும்போது நாலு தேறின.
எட்டு வெள்ளி.
வீட்டில் விளக்கடியில் மறுபடி அளந்தால்
ஒன்றுதான் இருபத்து நாலு.
மற்ற மூன்றும் இருபத்து மூன்று புள்ளி நாலு.
மாட்டிப் பார்த்தேன்.
ஒரு தோள் ஏறிய காடி.
கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை நிஜ சாகா வந்தது.
மருத்துவமனைத் தாதி லூர்துமேரி.
என் மேசையில் இருப்பது அவர் காடிதான்,
அவருக்குத் தெரியாது.
அதே வெளிறிய நீலம்,
கதவில் அதே நசுங்கல்.
"முன் இடது மட்டும் மாத்துங்க.
மத்த மூணும் சம்பளம் வந்ததும்."
புதியதை மாட்டி ஜாக்கை இறக்கினேன்.
பழையவற்றின் பள்ளத்தில் காசை நிறுத்தினால்
நிற்க இடமில்லை.
ஏழு மில்லி தேய்மானம்,
மேலும் கீழுமாய்ப் பதினாலு.
கிரீஸ் கையோடு இருபத்து நாலால் வகுக்கிறேன்.
அடுத்த காடி நிற்குதென்று தவுக்கே கத்துகிறார்.
புள்ளி ஆறு.

நான் கோளாறு என்று ஒதுக்கியது
யாரோ ஒரு பிள்ளை
சிமெந்துத் தரையில் ஓட்டி ஓட்டித் தேய்த்தது.
அன்றிரவு நாலையும் மாட்டினேன்.
முன் இடது புதிது, மற்றதெல்லாம் வழுக்கை.
"இப்பதான் காடி மாதிரி இருக்கு" என்றாள் வள்ளி.

ஒரு சம்பளம் போயிற்று.
இரண்டாவதும்.
அக்டோபர் மழை பாலத்தின்மேல் சாய்ந்து பெய்கிறது.
வேலை முடிந்து அவர் பட்டர்வொர்த் திரும்ப
நள்ளிரவு தாண்டிவிடும்.

இருபத்து நாலில் இன்னும் மூன்று
லோரோங் கூலிட்டில் தேடி எடுத்து வந்து
தைலப் புட்டி மூடியில் போட்டு வைத்திருக்கிறேன்.
ரசீதுப் புத்தகத்தில் அவர் எண் இருக்கிறது.
தவணையில் கொடுக்கலாமா என்று
தவுக்கேயிடம் கேட்க
இரண்டு நாளாய் வார்த்தை தேடுகிறேன்.
ஒன்று பெரிசாக இருக்கிறது,
ஒன்று சின்னதாக.