சனி ஞாயிறு

மருத்துவர் கேட்டார்:
"சனி ஞாயிறுகளில் மூச்சு தேவலையா?"
ஃப்ளோர்டெலிசா என்னைப் பார்த்தாள்.
நான் சுவரிலிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தேன்.
பனிநண்டுப் பருவத்தில் சனியேது, ஞாயிறேது.
கடல்மேல் பனி உடைந்து படகுகள் போனதிலிருந்து
நாற்பத்தொரு நாளும் ஒரே கிழமை.

அவளுக்குக் கொதிகலன் பக்கம் வேலை.
கூடை கூடையாய் நண்டு இறங்கும்,
ஓடு சிவக்கும்,
ஆவி எழுந்து முகத்தில் அப்பும்.
முதல் வாரம், பசியெடுக்கிறது என்றாள்.
மூன்றாம் வாரம் இருமல்.
"நியூ பிரன்ஸ்விக் குளிர் பழகவில்லை, எலுமிச்சை பிழிந்து குடி"
என்றார் மேற்பார்வை பார்க்கும் கொர்மியே.
நல்ல மனுஷர்தான்.
எலுமிச்சையும் அவரே வாங்கித் தந்தார்.

இரவில் கீழ்க்கட்டிலில் அவள், மேலே நான்.
சாவித்துவாரத்தில் வாய்வைத்து யாரோ ஊதுவதுபோல
அவள் நெஞ்சுக்குள் ஒரு விசில்.
இலோய்லோவிலிருந்து மகன் அழைத்தால்
இருமல் வருமுன்னே ஒலியை அணைக்கக் கற்றிருந்தாள்.
"சிக்னல் சரியில்லடா" என்பாள் பிறகு.
கனடாவில் சிக்னல் ரொம்ப மோசம் என்று
பையன் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறான்.

அவளது அனுமதித் தாளில்
ஒரே ஒரு முதலாளியின் பெயர்.
அவர் வேண்டாமென்றால்
அடுத்த பக்கம் விமான நிலையம்.

ஜூன் பாதியில்
வளைகுடாவுக்குள் திமிங்கிலம் வந்தது.
அரிய சாதியாம்.
ஆகாயத்திலிருந்து கண்டவர்கள்
கடலையே மூடச் சொன்னார்கள்.
கூண்டெல்லாம் கரையேறின.
ஐந்து நாள் நண்டில்லை, கூலியில்லை,
கட்டில் வாடகை மட்டும் ஓடியது.
கொர்மியே திமிங்கிலத்தைத் திட்டினார்.
நாங்களும் சேர்ந்து திட்டினோம்.

நான்காம் இரவு திடுக்கிட்டு விழித்தேன்.
எதுவோ குறைந்தது.
தலைகீழாய்த் தொங்கிக் கீழே பார்த்தேன்,
போய்விட்டாளோ என்று.
தூங்கிக்கொண்டிருந்தாள்.
போர்வை ஏறியது, இறங்கியது,
ஒரு சத்தமுமில்லாமல்.

காலையில் சொன்னேன்.
"தெரியும்" என்றாள்,
சட்டியில் சோற்றைச் சுரண்டியபடி,
"இரண்டு நாளாய்த் தெரியும்.
அந்த டாக்டரிடம் உளறிவிடாதே."

ஆறாம் நாள் ஆலைச் சங்கு ஊதிற்று.
கையுறை, ரப்பர் காலணி, முடிக்கு வலை.
எல்லாம் மாட்டி முடித்துக்
கொதிகலன் வாசலில் சற்றே நின்று
முத்துக்கு முங்குகிறவள்போல்
நெஞ்சு நிறைய ஒன்று இழுத்துக்கொண்டு
உள்ளே போனாள்.